வீட்டுத்திரையின் கதை – 9: போகாத விண்ணப்பம்

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946-இல் வெளிவந்த 130 நிமிடக் கருப்பு-வெள்ளைப் படம். இயக்கம் ஃபிராங்க் காப்ரா, நாயகன் ஜேம்ஸ் ஸ்டீவர்ட். கிறிஸ்துமஸ் படம் என்றதும் அமெரிக்கர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று இது. ஆனால் வெளியான காலத்தில் படம் போட்ட முதலைக்கூட எடுக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அதை வைத்திருந்த நிறுவனம் ஒரு விண்ணப்பத்தை அனுப்பத் தவறியது. அந்தத் தவறுதான் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மலிவு கேசட், வண்ணப் பூச்சு, உரிமைத் தகராறு, குறுந்தகடு, டிவிடி, 4கே என வீட்டு வீடியோவின் எல்லாக் கட்டங்களிலும் புகுந்து வந்த படம் என்பதால் இந்தத் தொடரில் அதற்குத் தனி அத்தியாயம் தேவைப்படுகிறது.

கதையின் தொடக்கம் ஒரு வாழ்த்து மடல். பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளர் 1943-இல் 'தி கிரேட்டஸ்ட் கிஃப்ட்' என்ற சிறுகதையை எழுதி முடித்தார். தான் பிறந்தே இருக்கக் கூடாது என்று நினைக்கும் ஒருவனுக்கு, அவன் பிறக்காத உலகம் எப்படி இருந்திருக்கும் என்று காட்டப்படுகிறது, கதை அவ்வளவுதான். எந்தப் பத்திரிகையும் வாங்க முன்வராததால் ஸ்டெர்ன் அதைச் சிறு புத்தகமாக 200 படிகள் அச்சிட்டு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பினார். படிகளில் ஒன்று ஆர்.கே.ஓ. படநிறுவனத்தின் கையில் சிக்கியது. கேரி கிராண்டை நடிக்கவைக்கும் எண்ணத்தில் அது 1944-இல் 10,000 டாலருக்குக் கதையை வாங்கியது. டால்டன் டிரம்போ உட்பட மூவர் அடுத்தடுத்துத் திரைக்கதை எழுதிப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. கதையைக் காப்ராவின் புதிய நிறுவனத்துக்கு ஆர்.கே.ஓ. விற்றுவிட்டது.

அந்த நிறுவனத்தின் பெயர் லிபர்ட்டி ஃபிலிம்ஸ். சிசிலித் தீவில் பிறந்து ஆறு வயதில் கப்பலேறி அமெரிக்கா வந்த காப்ரா, 1930-களிலேயே சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை மூன்று முறை வாங்கியவர். போர்க்காலத்தில் ராணுவத்துக்காக 'ஒய் வீ ஃபைட்' ஆவணப் படங்களை எடுத்தவர். போர் முடிந்த பின் பெரிய ஸ்டூடியோக்களின் கட்டுப்பாடு இல்லாமல் படமெடுக்க வேண்டும் என்று வில்லியம் வைலர், ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், சாமுவேல் பிரிஸ்கின் ஆகியோருடன் சேர்ந்து 1945-இல் தொடங்கியதுதான் லிபர்ட்டி. ஸ்டீவர்ட்டும் போரிலிருந்து திரும்பியவர். குண்டுவீச்சு விமானியாக ஜெர்மனி மீது பறந்தவர். போருக்குப் பின் அவர் நடித்த முதல் படம் இது. அவர் முகத்தில் தெரியும் களைப்பு முழுவதும் நடிப்பாக இருக்க முடியாது.

பெட்ஃபோர்டு ஃபால்ஸ் என்ற கற்பனைச் சிற்றூரில் ஜார்ஜ் பெய்லி சிறிய வீட்டுக்கடன் சங்கம் ஒன்றை நடத்துகிறான். உலகைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டவன், ஒவ்வொரு முறையும் யாருக்காகவோ ஊரிலேயே தங்கிவிடுகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவன் சித்தப்பா பில்லி, வங்கியில் கட்ட வேண்டிய 8,000 டாலரை ஞாபகமறதியாகச் செய்தித்தாளுக்குள் மடித்து, ஊரையே வளைத்துப்போடத் துடிக்கும் பணக்காரன் பாட்டரின் கையில் கொடுத்துவிடுகிறார். சிறையும் அவமானமும் எதிரே நிற்க, ஜார்ஜ் பாலத்துக்குப் போகிறான். அங்கே இறக்கை கிடைக்காத இரண்டாந்தர தேவதையான கிளாரன்ஸ் வந்து சேர்கிறார். பாட்டராக லயனல் பாரிமோர், பில்லியாகத் தாமஸ் மிட்செல், கிளாரன்ஸாக ஹென்றி டிராவர்ஸ், ஜார்ஜின் மனைவி மேரியாக டோனா ரீட். பண்டிகைப் படம் என்று பெயர் வாங்கினாலும் இதில் பெரும்பகுதி கடனையும் கசப்பையும் பற்றியது. கடைசிச் சில நிமிடங்களின் மகிழ்ச்சிக்குப் படம் அதற்கு முன் இரண்டு மணி நேரம் விலை கொடுக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தாலும் அது திகட்டாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

படப்பிடிப்பு 1946 ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை இறுதியில் முடிந்தது. கலிஃபோர்னியாவின் என்சினோவில் ஆர்.கே.ஓ.வுக்கு இருந்த நிலத்தில் நான்கு ஏக்கரில் ஊரையே கட்டினார்கள்: 75 கடைகளும் கட்டடங்களும், வேரோடு கொண்டுவந்து நட்ட 20 ஓக் மரங்கள். படத்தில் கொட்டும் பனி அத்தனையும் கோடை வெயிலில் செய்த பனி. அதுவரை ஹாலிவுட்டில் பனி என்றால் வெள்ளை பூசிய கார்ன்ஃபிளேக்ஸ். காலடியில் அது நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது, பிறகு தனியாக டப்பிங் செய்ய வேண்டும். ரசெல் ஷெர்மனும் ஆர்.கே.ஓ.வின் சிறப்புக்காட்சிப் பிரிவும் தீயணைப்பு நுரையில் சோப்பும் தண்ணீரும் கலந்து, காற்றாடி இயந்திரத்தின் வழியாகப் பீய்ச்சிச் சத்தமில்லாத பனியைச் செய்தார்கள். படம் பெற்ற ஒரே அகாடமி விருது இந்தப் பனிக்குக் கிடைத்த தொழில்நுட்ப விருதுதான்.

1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் குளோப் திரையரங்கில் படம் முதலில் திரையிடப்பட்டது. பொது வெளியீடு 1947 ஜனவரியில். சிறந்த படம், இயக்குநர், நடிகர் உட்பட ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. காப்ராவின் பங்காளி வைலர் வேறொரு நிறுவனத்துக்காக எடுத்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' முதன்மையான விருதுகளைத் தட்டிச் சென்றது. வசூலும் கைகொடுக்கவில்லை. படத்தை வினியோகித்த ஆர்.கே.ஓ. 5,25,000 டாலர் நட்டம் என்று கணக்கெழுதியது. வங்கியாளரைக் கெட்டவனாகக் காட்டுவது கம்யூனிஸ்ட் உத்தி என்ற சந்தேகக் குறிப்பு ஒன்று 1947-இல் எஃப்.பி.ஐ. கோப்பிலும் ஏறியது. அதே ஆண்டு லிபர்ட்டி ஃபிலிம்ஸ் பாரமவுண்டுக்கு விற்கப்பட்டது. காப்ரா கனவு கண்டபடி நிறுவனம் சுதந்திரமாக இருந்த காலத்தில் அவர் முடித்த படம் இது ஒன்றே.

இதன் பிறகு படத்தின் வரலாறு உடைமை கைமாறிய வரலாறு. 1955-இல் தொலைக்காட்சிகளுக்குப் பழைய படங்களை விற்பதே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் இதைப் பாரமவுண்டிடமிருந்து வாங்கியது. ஒளிபரப்பு உரிமை மட்டும் அல்லாமல் அசல் நைட்ரேட் நெகட்டிவ், இசை உரிமை, ஸ்டெர்ன் கதையின் திரைப்பட உரிமை எல்லாம் சேர்ந்தே கைமாறின. சிறிது காலத்தில் அவை நேஷனல் டெலிஃபிலிம் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்திடம் வந்தன, சுருக்கமாக என்.டி.ஏ. கதையும் இசையும் படத்தோடு சேர்ந்தே பயணித்தன என்பது நினைவில் நிற்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழித்து அவைதான் படத்தை மீட்டன.

அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1909-இல் இயற்றப்பட்டது. அதன்படி ஒரு படைப்புக்கு முதலில் 28 ஆண்டுப் பாதுகாப்பு. அந்தக் காலத்தின் கடைசி ஆண்டில் உடைமையாளர் விண்ணப்பித்தால் மேலும் 28 ஆண்டுகள். விண்ணப்பிக்காவிட்டால் படைப்பு பொதுச்சொத்து. பிறகு கெஞ்சினாலும் திரும்பாது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்கு அந்தக் கடைசி ஆண்டு 1974. என்.டி.ஏ. அலுவலகத்தில் நடந்த எழுத்தர் பிழையால் விண்ணப்பம் முறையாகப் போகவில்லை. செய்தித்தாளில் மடித்துத் தொலைத்த பணத்தால் நகரும் ஒரு கதை, தவறவிட்ட ஒரு தாளால் தன் உடைமையாளரை இழந்தது. இந்த விதியின் கடுமை பின்னர் நீக்கப்பட்டது. 1992-இல் வந்த திருத்தம், 1964 முதல் 1977 வரை பதிவான படைப்புகளுக்குப் புதுப்பித்தலைத் தானியங்கியாக்கியது. 1946-இன் படத்துக்கு அந்தக் கருணை எட்டவில்லை.

கட்டணமில்லாத முழுநீளப் படம், அதிலும் ஸ்டீவர்ட் நடித்தது, அதிலும் கிறிஸ்துமஸ் கதை. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் விடுமா? 1970-களின் பிற்பாதியிலிருந்து டிசம்பர் மாதத்தில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் இதை ஒளிபரப்பின. ஒரே ஊரில், ஒரே வாரத்தில், பல அலைவரிசைகளில், பகலிலும் நள்ளிரவிலும். திரையரங்குக்குப் போய்ப் பார்க்காத தலைமுறை இதை வீட்டுக் கூடத்தில், மரம் அலங்கரிக்கும் நேரத்தில், பாதியில் தொடங்கி, அடுத்த நாள் மீதியைப் பார்த்துப் பழகியது. தரமில்லாத படமாக இருந்திருந்தால் எத்தனை முறை காட்டினாலும் இந்த ஒட்டுதல் வந்திருக்காது. ஆனால் காட்டப்படாமலே இருந்திருந்தால் படத்தின் தரம் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதே ஆண்டுகளில்தான் வி.சி.ஆர். வீடுகளுக்குள் வந்தது. பீட்டாமேக்ஸ் 1975-இலும் வி.எச்.எஸ். அமெரிக்காவில் 1977-இலும் அறிமுகமானதும், வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு நீதிபதியின் பெரும்பான்மையில் தீர்ப்பளித்ததும் முந்தைய அத்தியாயங்களில் வந்தவை. பொதுச்சொத்தான படத்துக்கு அந்தத் தீர்ப்பும் தேவைப்படவில்லை. எவரும் பதியலாம், எவரும் விற்கலாம். மெடா வீடியோ, கார்ட்டஸ், குட்டைம்ஸ், வீடியோ டிரெஷர்ஸ் என்று பல நிறுவனங்கள் இதைக் கேசட்டில் போட்டன. பெரிய ஸ்டூடியோக்களின் புதுப்பட கேசட்டுகள் வாடகைக் கடைகளை நம்பி அதிக விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. சொந்தமாக ஒரு படத்தை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பல்பொருள் அங்காடிகளில் குவித்து விற்ற இத்தகைய மலிவு கேசட்டுகள்தான் எளிய குடும்பங்களுக்குள் கொண்டுசென்றன.

ஆனால் அந்தக் கேசட்டுகளில் இருந்த படம் என்ன நிலையில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அசல் நெகட்டிவ் என்.டி.ஏ. வசம். மற்றவர்களுக்குக் கிடைத்தவை, தொலைக்காட்சி நிலையங்களில் ஓடித் தேய்ந்த 16 எம்.எம். பிரிண்டுகள். 35 எம்.எம். நெகட்டிவிலிருந்து இடைநிலைப் பிரதி, அதிலிருந்து 16 எம்.எம். பிரிண்ட், அதிலிருந்து வீடியோ, வீடியோவிலிருந்து கேசட் என்று ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று போனது. கருப்பு-வெள்ளைப் படத்தில் முதலில் போவது இடையிலுள்ள சாம்பல் நிறங்கள். இரவுக் காட்சிகள் கருப்புக் குழம்பாகவும், ஷெர்மன் அரும்பாடுபட்டுச் செய்த பனி வெறும் வெள்ளைத் திட்டாகவும் ஆயின. வழக்கமான வி.எச்.எஸ். கேசட் நல்ல வேகத்தில் இரண்டு மணி நேரம்தான் ஓடும். படமோ 130 நிமிடம். கூடுதல் நீள நாடாவுக்குச் செலவழிக்க மனமில்லாத மலிவு நிறுவனங்கள் நாடா மெதுவாக ஓடும் முறையில் பதிந்தன. செலவு குறைந்தது, தெளிவும் குறைந்தது. லட்சக்கணக்கானோர் நேசித்தது இந்தத் தேய்ந்த பிரதிகளைத்தான். லேசர் டிஸ்க்கில் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட நல்ல பதிப்பு ஒன்று இருந்தது என்றாலும், அந்தக் கருவி இருந்த வீடுகள் மிகச் சில.

உடைமையாளர் இல்லாத படத்துக்கு நேர்ந்த இன்னொன்று வண்ணம். கருப்பு-வெள்ளைப் படங்களுக்குக் கணினி மூலம் வண்ணமேற்றும் தொழிலை 1980-களில் தொடங்கிய கலரைசேஷன் நிறுவனம், பத்து நிமிட மாதிரியைக் காப்ராவிடம் காட்டியது. அவருக்கு முதலில் அது பிடித்திருந்தது. 2,60,000 டாலர் செலவில் பாதியைத் தானே ஏற்பதாக ஒப்பந்தமும் போட்டார். படம் பொதுச்சொத்து, இயக்குநரின் சம்மதம் சட்டப்படி தேவையே இல்லை என்று நிறுவனம் உணர்ந்ததும் அவர் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்து அவரை விலக்கியது. எந்த உடைக்கு எந்த நிறம் என்று சொல்லும் உரிமைகூட அவருக்கு மறுக்கப்பட்டது. அதன் பிறகு காப்ரா வண்ணமேற்றுதலுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்தார். ஸ்டீவர்ட்டும் வெளிப்படையாக எதிர்த்தார். காப்ராவின் மனமாற்றத்தைத் தன்னலம் என்று சுருக்குவது நியாயமல்ல. தன் கையால் செய்யப்படும் மாற்றத்தையும் தன்னைக் கேட்காமல் செய்யப்படும் மாற்றத்தையும் எந்தக் கலைஞனும் ஒன்றாக எண்ணமாட்டான்.

முதல் வண்ணப் பதிப்பு 1986-இல் ஹால் ரோச் ஸ்டூடியோஸ் பெயரில் வந்தது. அந்தக் காலச் செயல்முறையில் ஒவ்வொரு காட்சிக்கும் கணக்கான சில நிறங்களே கிடைத்தன. தோல் எல்லாம் ஒரே மாநிறம், உடைகளில் மங்கிய நீலமும் பழுப்பும். ஜோசப் வாக்கரும் ஜோசப் பைராக்கும் ஒளியையும் நிழலையும் கொண்டு கட்டிய காட்சிகளின் மேல் ஒரு மெல்லிய சாயத் திரை. எதிர்ப்புக் குரல் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், 1988-இல் தேசியத் திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பாதுகாக்கத் தக்க படங்களின் தேசியப் பட்டியல் ஒன்றை ஆண்டுதோறும் நீட்டிக்கொண்டு போக அது வழிசெய்தது. பட்டியலில் உள்ள படம் வண்ணமேற்றப்பட்டிருந்தால் அதைப் பார்வையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. 1990-இல் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இதற்கிடையே என்.டி.ஏ. தன் பெயரை மாற்றிக்கொண்டிருந்தது. பழைய ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனத்தின் படங்களோடு அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு, 1980-களின் நடுவில் அது ரிபப்ளிக் பிக்சர்ஸ் ஆனது. வண்ணப் பதிப்பு வேண்டாம் என்று அதுவும் நினைக்கவில்லை. 1989-இல் சொந்தமாக இன்னொன்றை வெளியிட்டது. படத்தை முழுதாக மீட்கும் வழி மறு ஆண்டில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹிட்ச்காக் இயக்கிய 'ரியர் விண்டோ' படத்தின் மூலச் சிறுகதை உரிமை தொடர்பான வழக்கில், மூலக் கதையின் உரிமை உயிரோடு இருக்கும்வரை அதன் உரிமையாளரை மீறிப் படத்தைப் பயன்படுத்த முடியாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 1990-இல் எடுத்தது. அந்தப் படத்தின் நாயகனும் ஸ்டீவர்ட்தான். வழக்கின் பெயரிலேயே அவர் இருக்கிறார்.

ரிபப்ளிக் தன் பெட்டகத்தைத் திறந்து பார்த்தது. படத்தின் பதிப்புரிமை போயிருந்தது உண்மை. ஆனால் ஸ்டெர்னின் சிறுகதை 1971-இல் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. டிமித்ரி டியோம்கினின் இசையும் பாதுகாப்பில் இருந்தது. படச்சட்டங்கள் யாருக்கும் சொந்தமில்லாமல் இருக்கலாம். அவை சொல்லும் கதையும் அவற்றின் பின்னே ஒலிக்கும் இசையும் அப்படியல்ல. 1993-இல் ரிபப்ளிக் இந்த வாதத்தோடு உரிமை கோரியது. மலிவு கேசட்டுகள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. 1994 முதல் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு மட்டும் ஒளிபரப்பு உரிமை கொடுக்கப்பட்டது. டிசம்பர் முழுக்க எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் வந்த படம், ஆண்டுக்கு இரண்டு முறை, அதில் ஒன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்று சுருங்கியது. எட்டணாவுக்கு எடுத்துப்போகக் கிடந்த பொருளுக்குக் கதவும் பூட்டும் வந்துவிட்டன என்று வருந்தியவர்கள் உண்டு; வருத்தத்தில் நியாயமும் உண்டு. 19 ஆண்டு இலவசக் காலம் இல்லாமல் அந்தப் பூட்டுக்கே மதிப்பு வந்திருக்காது.

உரிமை மீண்ட அதே 1993-இல் அதிகம் பேசப்படாத ஒரு முதல் முயற்சி நடந்தது. ரிபப்ளிக்கின் ஆதரவோடு கைன்சாஃப்ட் என்ற மென்பொருள் நிறுவனம் முழுப் படத்தையும் குறுந்தகட்டில் ஏற்றி, விண்டோஸ் கணினியில் ஓடும்படி வெளியிட்டது. அன்றைய விண்டோஸ் சுமார் 32,000 படச்சட்டங்களுக்கு மேல் ஒரே வீடியோவை ஓட்டாது. நொடிக்கு 15 சட்டம் என்று வைத்தால் 35 நிமிடம். மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து அந்த வரம்பை நீக்கிய பிறகே இரண்டு மணி நேரப் படம் சாத்தியமானது. 486 செயலியும் 8 எம்.பி. நினைவகமும் போதும், படம் ஓட ஓடத் திரைக்கதையைப் பக்கத்திலேயே படிக்கலாம். டிவிடி பின்னாளில் 'சிறப்பம்சம்' என்று விற்றதை டிவிடி பிறக்கும் முன்பே காட்டிய முயற்சி அது.

டிவிடிக் காலத்தை விரைவாகக் கடக்கலாம். ரிபப்ளிக்கிடமிருந்து உரிமம் பெற்ற ஆர்டிசன், அதை வாங்கிய லயன்ஸ்கேட் என்று வீடியோ உரிமை சில கைகள் மாறியது. ரிபப்ளிக்கின் தாய் நிறுவனத்தைப் பாரமவுண்டின் தாய் நிறுவனமான வயகாம் 1990-களின் இறுதியில் முழுமையாகத் தன்வசமாக்கியதால் படம் 1955-இல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. 2006 அக்டோபரில் அறுபதாம் ஆண்டுப் பதிப்பைப் பாரமவுண்ட் வெளியிட்டது. 2007-இல் இரட்டை வட்டு. அதில் லெஜெண்ட் ஃபிலிம்ஸ் செய்த மூன்றாவது வண்ணப் பதிப்பு, இம்முறை காப்ரா குடும்பத்தின் ஒப்புதலோடு. 2009 நவம்பரில் ப்ளூ-ரே. வாங்குபவர் கருப்பு-வெள்ளை, வண்ணம் இரண்டையும் வைத்துக்கொண்டு தனக்கு வேண்டியதைப் பார்க்கலாம் என்றானபின், வண்ணச் சண்டையின் சூடும் தணிந்தது.

2019-இல் வந்த 4கே பதிப்புதான் படத்தின் உருவத்தை முதன்முறையாக வீட்டுக்கு முழுதாகக் கொண்டுவந்தது. நைட்ரேட் நெகட்டிவ் 14 ரீல்கள் கொண்டது. 70 ஆண்டுகளுக்குப் பிறகும் 13 ரீல்கள் எஞ்சியிருந்தன. நைட்ரேட் எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் மெல்ல மெல்ல உதிர்ந்து பசையாகும் பொருள். இத்தனை கைகள் மாறிய ஒன்றில் இவ்வளவு பிழைத்தது பெரும் பேறு. பிழைத்த ரீல்களிலும் சில பகுதிகள் அழியத் தொடங்கியிருந்தன. 1940-களிலேயே எடுத்துவைத்த இரண்டு நுண்துகள் பிரதிகள் பெட்டகத்தில் இருந்தன. மூன்றையும் 4கே தெளிவில் வருடி, ஒவ்வொரு காட்சிக்கும் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்து, ஓராண்டுக்கும் மேல் உழைத்துச் சேர்த்தார்கள். நுரைப் பனி ஸ்டீவர்ட்டின் கோட்டில் விழுந்து ஒட்டுவது தெரிகிறது. பாலத்தின் மேல் இரவு இருட்டிலும் பல அடுக்குகள் உண்டு என்பது தெரிகிறது.

மார்ட்டினியின் மதுக்கடையில் ஜார்ஜ் உடைந்துபோய் வேண்டுதல் செய்யும் ஒரு ஷாட் படத்தில் உண்டு. கேமரா தள்ளி இருந்தபோதே ஸ்டீவர்ட்டுக்கு உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. அதே உணர்வோடு மீண்டும் ஒருமுறை நடிக்கவைக்க முடியாது என்று உணர்ந்த காப்ரா, அருகாமைக் காட்சியாக மறுபடி எடுக்காமல், எடுத்த பிலிமையே ஆப்டிகல் பிரிண்டரில் ஒவ்வொரு சட்டமாகப் பெரிதாக்கி முகத்தை நெருங்கினார். பெரிதாக்கியதால் அந்த இடத்தில் மட்டும் பிலிமின் துகள்கள் பருத்திருக்கும். மங்கிய கேசட்டில் எல்லாமே மங்கல் என்பதால் அது தனியாகத் தெரிந்ததில்லை. மீட்கப்பட்ட பதிப்பில், முன்னும் பின்னும் பளிச்சென்று இருக்கும் காட்சிகளுக்கு நடுவே, ஸ்டீவர்ட்டின் முகம் சொரசொரப்பாக மெல்ல நெருங்கி வருவதைத் துகள் துகளாகப் பார்க்க முடிகிறது.